போர்க்காலத்து வரியும் நீதியும்

அரசுக்கு வரி செலுத்துவது குடிகளின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒரே நாடு இரண்டாகப் பிளந்து போரிடும் காலத்தில் எவ்வரி கடமை, எவ்வரி கொடுமை என்று எங்ஙனம் அறிவது? 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரை இவ்வினாவோடு நாம் அணுகிப் பார்ப்போம்.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்கள், 1861 ஆகஸ்டில் சொத்து மதிப்பின் மீது நூற்றுக்கு அரை வீதம் வரி விதித்தன. பெரும்பாலான மாநில அரசுகளோ அதைக் குடிகளிடம் திரட்டாமல், கடன் வாங்கியும் நோட்டு அச்சிட்டும் கணக்கைத் தீர்த்தன. நோட்டு பெருகிற்று; விலைவாசி விண்ணை முட்டிற்று. 1863 ஏப்ரல் 2-ஆம் நாள் தலைநகர் ரிச்மண்டில் பெண்கள் பசி பொறாது கிளர்ந்தெழுந்து கடைகளை உடைத்தனர்.

அதே மாதம் 24-ஆம் நாள் புதிய வரிச்சட்டம் பிறந்தது. குடும்பத்துக்கென ஓரளவு ஒதுக்கியபின், எஞ்சிய விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை உழவன் பொருளாகவே அளக்க வேண்டும். சம்பளக்காரர் செலுத்தியதோ நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். அதுவும் நாளுக்கு நாள் மதிப்பிழந்துவந்த நோட்டில்! நிலத்துக்கும் அடிமைகளுக்கும் அச்சட்டத்தில் வரியே இல்லை. வட கரோலினா உழவர்கள் கூட்டம் கூட்டிக் கண்டித்தனர். திரட்டிய தானியத்தில் ஒரு பகுதி, ஏற்றிச்செல்ல வழியின்றிக் கிடங்குகளிலேயே மட்கிப்போயிற்று. 1864 பிப்ரவரியில்தான் நிலத்தின் மீதும் அடிமைகளின் மீதும் நூற்றுக்கு ஐந்து வீதம் விதித்தனர்.

வடபுலத்தில் 1862-ஆம் ஆண்டுச் சட்டம் வரி வசூலுக்கெனத் தனி ஆணையரை அமர்த்திற்று. 600 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு நூற்றுக்கு மூன்று; 10,000 டாலரைக் கடந்தால் ஐந்து. பொருள் மிகுந்தோர் மிகுதியாகச் சுமக்க வேண்டும் என்ற நெறி அதில் இருந்தது. எனினும், 300 டாலர் கட்டியவர் படைச்சேவையினின்று விலகலாம் என்று 1863-இல் அதே அரசு இடம் கொடுத்ததையும் நாம் மறப்பதற்கில்லை.

"போரில் படைக்கு உணவு வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் தேவை என்பது வரி எடுப்பதற்குக் காரணமாகுமேயன்றி, எளியவனிடம் எடுத்து வலியவனை விடுவதற்குக் காரணமாகாது. எவருடைய உடைமையைக் காக்கப் போர் மூண்டதோ, அவ்வுடைமைக்கே விலக்களித்த வரி, வரி என்னும் பெயருக்கு உரியதன்று.

இன்னொன்றும் உண்டு. பெரும்பண்ணைகள் அளந்த பத்தில் ஒரு பங்கை விளைவித்தவர் யார்? அடிமைகளே. தம் விலங்கைக் காக்கும் படைக்குத் தம் வியர்வையாலேயே சோறிட்டனர் அவர்கள். வரிப் பதிவேட்டில் செலுத்தியவராக அவர்கள் பெயர் இல்லை. உடைமையாக மட்டுமே எண்ணப்பட்டனர். ஓர் அரசின் நீதியை அளக்க விரும்புவோர், அது எவ்வளவு திரட்டிற்று என்று பார்த்தால் போதாது. யாரைக் கேளாமல் திரட்டிற்று என்றும் பார்த்தல் வேண்டும்.