இரைச்சலின் நடுவே செபம்



இன்று அக்டோபர் 15. அவிலா நகர்ப் புனித தெரேசாவை நினைவுகூர்கிறோம். அவர் கண்ட காட்சிகளையும் அடைந்த பரவசங்களையும் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அவர் தலைக்குள் ஓயாமல் கேட்ட இரைச்சலைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1577-ல், தமது 62-ஆம் வயதில், ஆன்மாவை ஒரு கோட்டையாக வர்ணிக்கும் நூலை அவர் எழுதினார். அதன் நான்காம் பகுதியின் தொடக்கத்தில் தம் உடல்நிலையை மறைக்காமல் சொல்கிறார். ஆறுகள் வெள்ளமாய்ப் பாய்வது போலவும் பறவைகள் கூட்டமாய்க் கத்துவது போலவும் உச்சந்தலையில் சத்தம். எழுதவே முடியாத அளவுக்குத் தொல்லை. ஆனாலும் அது தம் செபத்தைத் தடுக்கவில்லை என்று அங்கேயே எழுதியிருக்கிறார்.

நம் பங்கிலும் இந்தத் தொல்லை இருக்கிறது. "ராத்திரி படுத்தா காதுக்குள்ள 'ஙொய்'னு ஒரே சத்தம் ஃபாதர்" என்று சொல்பவர்கள் உண்டு. அதோடு ஒரு பயமும் சேர்ந்தே வரும். யாராவது செய்வினை வைத்திருப்பார்களோ? கடவுள் தண்டிக்கிறாரோ? புத்தி பேதலிக்கிறதோ? இந்த மூன்றுக்கும் என் பதில் ஒன்றுதான்: இல்லை.

உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்செல்கள் இருக்கின்றன. முதுமையாலோ, தறிச் சத்தத்தாலோ, வெடியாலோ, ஹெட்போனாலோ அவை பழுதுபட்டால் மறுபடி முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் செய்தி குறைந்ததும், மூளை அதை ஈடுகட்டத் தன் கவனிப்பைக் கூட்டிக்கொள்கிறது. இல்லாத ஒலியும் கேட்கத் தொடங்குகிறது. மருத்துவர்களில் பலர் தரும் விளக்கம் இது. 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் குறையில்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஓசை கேட்டதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு அது துன்பமாக இல்லை. நமக்குத் துன்பமாவது பெரும்பாலும் அச்சம் அதைப் பிடித்துக்கொள்ளும்போதுதான். பயந்து பயந்து கவனித்தால் மூளை அதை ஆபத்து என்று குறித்துக்கொள்கிறது, தூக்கம் போகிறது, தூக்கம் போனால் சத்தம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அலைபாயும் எண்ணங்களைத் தெரேசா மாவு ஆலையின் ஓசையோடு ஒப்பிடுகிறார். ஆலையில் வேலை செய்பவருக்கு அந்த ஓசை நிற்க வேண்டியதில்லை. மாவு அரைபட்டால் போதும். காது இரைச்சலோடு வாழப் பழகுவதும் இப்படித்தான். பவுலடியார் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் போகவில்லை, அருள் வந்தது.

ஆனால் இதைக் காட்டி, "சிலுவையாக ஏற்றுக்கொள்" என்று யாரையும் மருத்துவரிடம் போகவிடாமல் செய்வதை நான் ஏற்கமாட்டேன். காதில் குறும்பி அடைத்திருக்கலாம். சாப்பிடும் மாத்திரை காரணமாக இருக்கலாம். கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவியே இரைச்சலைத் தணிக்கலாம். முழு நிசப்தத்தைத் தேடாமல், இரவில் மின்விசிறியோ மெல்லிய வானொலியோ ஓடவிடுங்கள். பயத்தைக் கையாளச் சொல்லித்தரும் மனநல ஆலோசனை இதற்கு நன்றாகவே உதவுகிறது. அதற்குப் போவதில் வெட்கம் வேண்டாம். எல்லோருக்கும் இதை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. அப்படிச் சொல்லி விற்கும் எண்ணெய் எதையும் காதில் விடாதீர்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நாள் கடந்தால் மீட்பது கடினம். ஒரே காதில் மட்டும் இரைந்தாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலும் காட்டியே ஆக வேண்டும்.

திருவிழாக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. கொடியேற்றத்திலிருந்து தேர்பவனி வரை ஆளுயர ஸ்பீக்கரின் முன்னே நம் பிள்ளைகளை நிற்க வைக்கிறோம். புனிதரின் பெயரால் நாமே அவர்கள் காதைக் கெடுக்கக் கூடாது. இந்த ஆண்டு ஒலியைக் குறையுங்கள்.

குடும்பத்தாரே, உங்களுக்குக் கேட்காத சத்தத்தால் உங்கள் வீட்டில் ஒருவர் தூங்காமல் கிடக்கலாம். "உனக்கு மட்டும் என்ன கேட்குது?" என்று அவரிடம் சொல்லாதீர்கள். "வாழவே பிடிக்கவில்லை" என்று அவர் சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.