பாடும் பாட்டும்

தறிக்குழியில் உட்கார்ந்தவருக்குக் கை, கால், கண் மூன்றும் வேலையில் இருக்கும், காதுக்குத்தான் ஓய்வு. அதனால் பெரணமல்லூரில் எங்க தெருவில் ரேடியோ ஓயாது. ஒருநாள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு பண்பலையில் நேயராகப் பேசினார். "ரெண்டு மாசமா பாவு வரலைங்க, தறி சும்மா கெடக்கு." தொகுப்பாளர் சிரித்தபடியே கேட்டார்: "சரிண்ணா, என்ன பாட்டு வேணும்?"

அண்ணன் சொன்னது தன் பாட்டை. கிடைத்தது சினிமாப் பாட்டு. எனக்குக் கோபம் வந்தது.

காற்றலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதியில்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, மின்சாரம், குடிநீர் பற்றிய அறிவிப்புகள் செய்தியில் சேராது. அப்படியானால் சும்மா கிடக்கும் தறி எதில் சேரும்? தொகுப்பாளர் பயந்திருக்கலாம். ஆனால், "அப்புறம் எப்படிண்ணா சமாளிக்கிறீங்க?" என்று கேட்பது செய்தி வாசிப்பது ஆகாதே.

இப்படி வாதாடிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. இடையில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் தறிச்சத்தம் நின்று இரண்டு மாதம். நான் அதை ரேடியோவில்தான் தெரிந்துகொண்டேன். அவரைக் கேட்கக் கூடாது என்று எனக்கு எந்த விதியும் இல்லை.