ஊர் திரும்புவோன் காட்டும் ஊர்

அயல்நாட்டு நகரம் ஒன்றில் பத்தாண்டோ இருபதாண்டோ வாழ்ந்து, பெட்டியைக் கட்டிவிட்டு ஊருக்குப் புறப்படும் ஒருவன், அன்றுதான் வந்திறங்கிய மற்றொருவனை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிக் காட்டுகிறான். புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களில் இக்காட்சியைக் காணாதவர் இரார். இன்ன கடையில் அரிசி நயம், இன்ன வண்டியில் ஏறினால் கோயிலுக்குப் போகலாம், இன்ன இடத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்று அவன் சொல்லிக்கொண்டே போகிறான். இதனைச் சிறியதோர் உதவி என்று எண்ணி நாம் கடந்து விடுகிறோம். ஆயினும் இதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. போகிறவன் வருகிறவனுக்கு எதைச் சொல்லக் கடமைப்பட்டவன்? எதைச் சொல்லாமல் விடக் கடமைப்பட்டவன்?

பண்டைத் தமிழர் இந்தச் சந்திப்புக்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்திருந்தனர் என்பதை நினைக்கும்போது நமக்கு வியப்பு உண்டாகிறது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாத்தையும் சேர்த்தே இதனைச் சொல்லுகிறோம். அவற்றுள் திருமுருகாற்றுப்படை வேறு நெறியது. அதனை விடுத்து ஏனைய நான்கையும் நோக்கினால், பரிசில் பெற்றுத் தன் ஊர் திரும்பும் கலைஞன் ஒருவன், எதிரே வரும் வறிய கலைஞனைக் கண்டு, தான் பெற்ற இடத்துக்கு அவனை வழிப்படுத்துவதே பொருள். இங்கே வழிகாட்டுபவன் அரசனின் அமைச்சனல்லன், அந்நகரில் வீடும் நிலமும் உடையவனும் அல்லன், திரும்பிப் போகிறவன். தங்கியிருப்பவனுக்குப் புதியவன் போட்டியாகத் தோன்றுதல் கூடும். தன் நகரத்தின் குறையைச் சொன்னால் தன் குறையாகிவிடுமோ என்னும் அச்சமும் அவனுக்கு இருக்கும். போகிறவனுக்கு இவ்விரண்டும் இல்லை. உண்மை சொல்ல அவனைவிடத் தகுதியுடையவன் யார்?

அவன் சொல்லும் உண்மையும் சாதாரணமானதன்று. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் வழிப்படுத்தும் பாணன், அவ்வள்ளலின் ஊர்களுக்குச் செல்லும் வழியைச் சொல்லுமுன் தன் வீட்டு அடுக்களையைத் திறந்து காட்டுகிறான். கண் திறவாத குட்டிகளுக்குக் கொடுக்கப் பாலின்றி அங்கே ஒரு நாய் குரைத்துக் கிடக்கிறது. குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, அயலார் பார்த்துவிடாதபடி கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள். நாணிச் சாத்திய கதவை, யாரோ ஒரு வழிப்போக்கனுக்காக அவன் மீண்டும் திறக்கிறான்! செங்கண்மாத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாமோ வழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறது. பாம்பு உறையும் பள்ளங்கள், காட்டுப்பன்றிக்கென வைத்த பொறிகள், யானையை ஓட்டப் பரண்மேல் இருந்து எறியும் கவண்கற்கள், கால் வழுக்கும் நீர்த்துறைகள் ஆகியவற்றையெல்லாம் கேட்ட பின்னரே அந்தக் கூத்தன் மலைவழியில் கால் வைக்கிறான்.

நம்மவர் இன்று காட்டும் காட்சி பெரும்பாலும் இதற்கு மாறானது. சிங்கப்பூரில் வேலைக்கு வந்த ஓர் இளைஞனை அழைத்துச் சென்று மெர்லயன் சிலைமுன் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுக்கிறோம். அந்தப் படம் அன்றிரவே ஊருக்குப் போகிறது. ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பலர் படுத்துறங்குவதும், தரகருக்குக் கொடுத்த பணத்தின் வட்டியை அடைப்பதற்கே முதற் சம்பளங்கள் போவதும் படத்தில் விழுவதில்லை. திரும்பிச் செல்பவன் இவற்றையெல்லாம் அறிவான். ஆனால் தன் உழைப்பின் ஆண்டுகள் வெற்றியாகவே முடிந்தன என்று ஊர் நம்ப வேண்டுமே! எனவே அவன் கதவைச் சாத்தியே வைக்கிறான். புதியவனும் தன் முறை வரும்போது அவ்வாறே செய்கிறான்.

வழி சொல்வார் இல்லாத வருகை எத்தகையது என்பதற்கு நம் மக்களுக்கு நன்கு பழகிய கதை ஒன்று உண்டு. அது நாராயணவனத்துக் கதை. புத்தூருக்கு அருகில், திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூர் ஆகாசராசனின் தலைநகர் என்பது தலபுராணம். விடுமுறைக்குத் தாயகம் வரும் நம் குடும்பங்கள் திருமலைக்கும் திருச்சானூருக்கும் போய்விட்டு அங்கும் போவதுண்டு. கல்யாண வேங்கடேசப் பெருமாள் கோயிலில் பத்மாவதியின் திருமணத்துக்கு மாவரைத்தது என்று காட்டப்படும் பெரிய கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் உண்டு. அக்கல்லோடு கதையை முடித்துவிடலாகாது. சீனிவாசன் முதன்முதல் அந்நாட்டுக்கு வேடனாய்க் குதிரைமேல் தனியே வந்தபோது அவனுக்குக் கிடைத்தது கல்லடி. பத்மாவதியின் தோழியர் எறிந்த கல்லில் குதிரை மாண்டது என்கிறது புராணம். பின்னர் வகுளமாலிகை அவனுக்காகப் பேசப் போனாள். அதன் பின்னரே அதே ஊர் அவனை மாப்பிள்ளையாக எதிர்கொண்டது. வந்தவன் மாறவில்லை, அவனுக்காகச் சொல் சொல்ல ஒருவர் வந்ததே மாற்றம்.

அக்கதையில் கடனும் மறைக்கப்படவில்லை. திருமணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கியதையும், அக்கடன் இன்னும் தீரவில்லை என்பதையும் திருமலை உண்டியல்முன் நிற்கும் ஒவ்வொருவரும் அறிவர். கடவுளின் கடனை உலகறியச் சொல்லும் நாம், நம் கடனை நேற்று வந்த தம்பியிடம் சொல்ல நாணுகிறோம். விந்தைதான்.

இனி, சொல்லாமல் விட வேண்டியது எது என்னும் மறுபாதிக்கு வருவோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் கடல்கடந்து வட்டித்தொழில் நடத்திய காலத்தில், ஒரு கடையின் முகவர் மூன்றாண்டளவு வேலை பார்த்து ஊர் திரும்புவதும், அவர் இடத்துக்கு வேறொருவர் வருவதும் வழக்கமாக இருந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் பெட்டகமும் கணக்கேடும் இவ்வாறே கைமாறின. அக்கிட்டங்கிகள் இன்று இல்லை; அவர்கள் 1859இல் எழுப்பிய டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தைப்பூசத்தன்று காவடிகள் சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு அங்கே சென்று சேர்கின்றன. 1855இல் தோன்றிய பெருமாள் கோயில் அது. நாராயணவனத்து மாப்பிள்ளை அங்கும் குடியேறியிருக்கிறார்.

கணக்கேடு கைமாறும் அந்த முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. இன்னார் இத்தனை வெள்ளி வாங்கினார், இன்ன திங்களில் தவணை தவறினார் என்று ஏட்டில் எழுதலாம். வருகிறவர் அதனைப் புரட்டிப் பார்க்கலாம். அடுத்த தவணை ஒழுங்காக வந்தால் பழைய எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ‘அந்த ஆட்களே அப்படித்தான்’ என்பதற்கு ஏட்டில் பத்தி இல்லை. அதனை வரவு வைக்கவும் முடியாது, தீர்க்கவும் முடியாது.

நம் வீடுகளில் நிகழ்வதைப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள், புதியவர் காதில் எத்தனை தீர்ப்புகள் விழுந்துவிடுகின்றன! இந்த இனத்தாரை நம்பாதே, அந்தத் தெருப்பக்கம் போகாதே, நம்மவரிலேயே இன்ன ஊராரிடம் பார்த்துப் பழகு என்று எல்லாம் அந்த ஒருமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சொல்பவருக்கு ஏதோ ஓர் ஆண்டில் ஏதோ ஒரு மனிதரால் நேர்ந்த புண் அது. அவர் அடுத்த வாரம் ஊருக்குப் போய்விடுவார். புண் மட்டும் புதியவரிடம் தங்கிவிடும். புண்பட்டவருக்கு அதற்கான காரணமாவது தெரியும். பெற்றுக்கொண்டவருக்கு அதுவும் தெரியாது. அவர் அதனை ஊர் அறிவு என்றே கருதுவார். தம் பிள்ளைகளுக்கும் சொல்லுவார். மலைபடுகடாத்துக் கூத்தன் பொறி இருக்கும் இடத்தைத்தான் சொன்னான். பொறி வைத்த குறவரைப் பழிக்கவில்லை. அவர்கள் வீட்டில் விருந்துண்ணலாம் என்றே சொல்லி அனுப்பினான்.

இடர் நேர்ந்தால் சொல்லாமல் இருப்பதா என்று சிலர் கேட்பர். நேர்ந்தது இன்னது, நேர்ந்த இடம் இன்னது, ஆண்டு இன்னது என்று சொல்லலாம், சொல்லவே வேண்டும். கூலி தராமல் ஏய்த்த முதலாளியைப் பற்றி எச்சரிக்காமல் போவது பண்பன்று, கோழைமை. ஒரு முதலாளியின் ஏய்ப்பு ஓர் இனத்தின் இயல்பாக மாறும் இடத்தில் வாயை மூடிக்கொள்வதே கடமை. அவ்விடத்தை அறிவது எளிதன்று என்பதை ஒப்புகிறோம்.

இன்னொன்றும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. திரும்பிச் செல்பவனுக்கு வழி சொல்பவர் யார்? நாராயணவனத்துக்கே திரும்பும் ஒரு முதியவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய பாட்டனார் பிறந்தபோது அவ்வூர் வட ஆர்க்காட்டு மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் ஆயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்துக்குள் சென்றது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும் நாராயணவனம் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது அதனுள் அடங்கியது. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. முகவரிதான் நடந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசி, அலுவலகத்தில் தெலுங்கில் எழுதிக் கொடுக்க வேண்டிய நிலையில், முதியவர் தம் நிலத்துக்குரிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு புத்தூர்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். எந்த அலுவலகம், எந்தச் சாளரம், யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் கல்லூரி மாணவன் ஒருவனுக்குத் தெரிந்திருக்கும். அவனோ அடுத்த மாதம் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகவிருப்பான்; அங்குள்ள ஊரைப் பற்றி அவன் கேட்பதற்கும், இவர் சொல்லுவதற்கும் பேருந்து வரும்வரை நேரம் இருக்கிறது.