குடில் கலைந்த பின்

நத்தார் கழிந்து சில நாட்களில், வீடுகளிலே பாலன் குடில் கலைக்கப்படுகின்றது. உருவங்கள் துணியிற் சுற்றப்பட்டு அடுத்த ஆண்டுக்காகப் பெட்டிக்குள் வைக்கப்படுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை, நத்தாரை அடுத்து வரும் ஞாயிற்றைப் பெரும்பாலும் திருக்குடும்பத் திருநாளாகக் கொண்டாடுகின்றது. விசுவாசத்தையும் பரிசுத்தத்தையும் வீட்டிலே வளர்ப்பது எவ்வாறு என்பதே அன்றைய பிரசங்கங்களின் பொருள். செபமாலை, ஞாயிறு பூசை, பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் என விடையும் அநேகமாக ஒன்றாகவே அமைகின்றது. இவற்றை நாம் இகழவில்லை. நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள் மாலையில் ஒரு விளக்கின் முன் ஒன்றுகூடி அமர்வது சிறிய காரியமன்று. ஆனால், பரிசுத்தம் என்பது கதவைத் தாளிட்டு உள்ளே காக்கப்படும் பொருள்தானா?

இத்திருநாளின் வரலாறு சிந்தனைக்குரியது. 1893இல் இதனை ஏற்படுத்தியவர் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ. 1921இல் அது உலகத் திருச்சபை முழுவதற்கும் உரியதாயிற்று. அதே லியோதான் 1891இல் தொழிலாளர் நிலை குறித்து 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை எழுதியவர். பொதுவுடைமையை அம்மடலில் அவர் கடுமையாக எதிர்த்தார். அதனை மறைப்பது நேர்மையன்று. ஆயினும், சிக்கனமாய் வாழும் தொழிலாளியைத் தாங்கப் போதாத கூலி, அவனே அச்சத்தால் அதற்கு உடன்பட்டாலும், அநீதியே என்றும் அவர் எழுதினார். குடும்பத்தின் பரிசுத்தத்தைப் பற்றிக் கவலைகொண்டவருக்குக் கூலியைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. நம் கோயில்களில் முன்னது ஆண்டுதோறும் ஒலிக்கின்றது. பின்னதைக் கேட்டவர் சிலரே. விடியுமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடித்து, இருட்டியபின் வீடு திரும்பும் தாயிடம், பிள்ளைகளோடு செபமாலை சொல்வதில்லையே எனக் குறைகூறுவோர் அவளது சம்பளத்தையும் வேலைநேரத்தையும் விசாரிப்பதில்லை.

குடிலில் நாம் வணங்கும் குடும்பந்தான் எத்தகையது? தச்சுத் தொழிலாளியின் குடும்பம். கோயிலிலே அவர்கள் செலுத்தவேண்டிய காணிக்கையாக லூக்கா குறிப்பது இரு புறாக்களை. ஆட்டுக்குட்டிக்கு வசதியற்ற ஏழைகளுக்கென லேவியர் நூல் வகுத்த சலுகை அது. மத்தேயுவோ, அவர்கள் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடியதைக் கூறுகின்றார்.

2004 மார்கழி 26 திருக்குடும்ப ஞாயிறு. அன்றைக்குக் குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி வாசகம் இந்த ஓட்டத்தைப் பற்றியதே. அன்று காலையில் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தது. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். தப்பியோருக்குக் கோயில்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் பாடசாலைகளும் திறந்தன. முன்பின் அறியாதவருக்குச் சோறு சமைத்த வீடுகள் எத்தனையோ! அவை எந்தச் சமயத்தாரின் வீடுகள் என உண்டவர் கேட்கவில்லை. பரிசுத்தம் என்ற சொல்லுக்கு அதனினும் தெளிவான உரையை நாம் கண்டதில்லை.

அலை வராத நாட்களின் கதை வேறு. தவக்காலத்துக்குமுன் திருமணங்களை முடித்துவிடுவது கத்தோலிக்கர் பலரின் வழக்கமாதலின், குடில் கலைந்ததும் வீடுகளிலே கலியாணப் பேச்சுத் தொடங்குகின்றது. பத்திரிகைகளின் 'மணமகள் தேவை' விளம்பரங்களில் 'கத்தோலிக்க' என்ற சொல்லின் அருகிலேயே சாதிப் பெயரும் அச்சாகின்றது. பிறகு காணி, வீடு, நகை, ரொக்கம். தச்சரான சூசையப்பரின் உருவத்துக்கு முன் முழந்தாளிட்ட குடும்பமே மறுநாள் தரகரிடம், மாப்பிள்ளையின் தகப்பன் என்ன தொழில், எந்தப் பகுதி என்று விசாரிக்கின்றது. முன்னறையிற் செபத்தையும் பின்னறையிற் பேரத்தையும் ஒருங்கே கேட்டு வளரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, வீட்டின் உண்மையான சமயம் எதுவென எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆசிரியர்களாகிய நாம் இதனை அறிவோம். சமயபாடத்தில் நிறைந்த புள்ளி பெறும் மாணவன், எவர் வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பதையும் பிழையின்றி அறிந்தே வைத்திருக்கின்றான்.

குடும்பமே சொத்துடைமையின் காவற்கூடம், அதற்குப் பரிசுத்தம் எதற்கு என முற்போக்கு நண்பர் ஒருவர் கேட்கலாம். 1884இல் எங்கெல்ஸ் குடும்பத்தையும் தனிச்சொத்தையும் பிணைத்து ஆராய்ந்ததைச் சீதனப் பேச்சைக் கேட்ட எவரும் எளிதில் மறுக்க இயலாது. ஆயினும், இருந்த ஒரு பிடி சோற்றைப் பங்கிட்டு உண்ண நாம் முதலிற் பழகியதும் அவ்வீட்டிலேதான். அப்பழக்கத்தை ஊருக்கும் உரியதாக்க விரும்புவோர் வீட்டைப் பாதிரியார் பொறுப்பில் மட்டும் விட்டு ஒதுங்குதல் மடமை.

கீழ்ப்படிதலைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பன்னிரண்டு வயதில் இயேசு பெற்றோருக்குச் சொல்லாமல் எருசலேம் கோயிலில் தங்கி, அங்கிருந்த போதகர்களிடம் வினாக்கள் கேட்டுக்கொண்டிருந்தார். தேடி வந்த பெற்றோருக்கு அவர் சொன்ன மறுமொழி விளங்கவில்லை என்பதை லூக்கா ஒளிக்காமல் எழுதுகின்றார். பின்னர் அவர் நாசரேத்துக்குத் திரும்பிக் கீழ்ப்படிந்து வாழ்ந்தார்; தாயோ நடந்தவற்றை உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தார். பிரசங்கங்களில் நாம் கேட்பது அவர் கீழ்ப்படிந்த கதையை மட்டுமே. சீதனம் கேட்பவன் எனக்கு வேண்டாம், தச்சுத் தொழில் செய்யும் ஒருவனையே மணப்பேன் என ஒரு மகள் தைமாதத்தில் வாய் திறக்கும்போது, அவளுடைய தாய்க்கு உதவக்கூடியது அதற்கு முந்திய பகுதி.