வழித்துணையும் படக்கருவியும்

பயணம் போய்த் திரும்பியவரிடம் ஊரார் முதலில் கேட்பது, "என்ன கொண்டு வந்தீர்கள்?" என்பதுதான். முன்னாளில் அதற்கு விடையாகப் பேரீச்சம்பழமோ தஸ்பீஹ் மணியோ நீட்டப்பட்டது. இந்நாளில் இளைஞர்கள் படம் கொண்டு வருகிறார்கள். அதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்திற்குள் கதை ஒன்றையும் கொண்டு வர வேண்டும் என்று அவர்கள் புறப்படும்போதே எண்ணிக்கொள்கிறார்களே, அங்கேதான் சிந்திக்க வேண்டிய ஒரு கேள்வி எழுகிறது. இல்லாத கதையை வழியில் உண்டாக்கலாமா? உண்டான கதை நம்முடையதாக இல்லாதபோது அதை எடுத்துக்கொள்ளலாமா?

பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று பொறியாளராக இருக்கிறார். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் இல்லம் வந்தார். தாமும் நண்பர் இருவரும் காஷ்மீரத்தில் சோனமார்க்கில் தொடங்கி, விஷன்சர், கட்சர், கங்கபல் முதலிய ஏரிகளைக் கடந்து நாராநாக் வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரம் முதுகில் மூட்டை சுமந்து நடக்கப் போவதாகச் சொன்னார். கையில் சிறிய படக்கருவி ஒன்று. தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். ஆசைக்காக ஓர் ஆவணப்படம் எடுக்க எண்ணினார்கள்.

"மலையும் ஏரியும் மட்டும் இருந்தால் பத்து நிமிடத்திற்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள் ஹஜ்ரத். கதை வேண்டும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம்" என்றார்.

அந்த வழி இதுதான்: நடைப்பயணத்தின் நடுவில், பனிமூட்டம் இறங்கும் வேளை பார்த்து, மூவரில் ஒருவர் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். மற்ற இருவரும் பெயர் சொல்லிக் கூவித் தேடுவார்கள். அரை மணி நேரம் கழித்து அவர் கிடைத்துவிடுவார். நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "அங்கே பனிமூட்டம் உண்மை. வழி தவறுவதும் உண்மையாக நடக்கக் கூடியது. நடக்கக் கூடியதை நடந்ததாகக் காட்டினால் யாருக்கு என்ன கெடுதல்?" என்று கேட்டார். உடனே மறுமொழி சொல்ல நமக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஒப்புக்கொள்ள இன்னொன்றும் உண்டு. மதரஸாவில் பட்டம் பெற்று வெளிவந்த புதிதில், பயான் செய்யப் போன ஊர் ஒன்றின் அருகே பேருந்து பழுதாகி நின்றுவிட, மழையில் நாம் 2 மைல் நடக்க நேர்ந்தது. அதைப் பிறகு மேடைகளில் சொல்லத் தொடங்கினோம். சொல்லச் சொல்ல மைல்கள் வளர்ந்தன. 5 மைலான பிறகுதான் நமக்கே வெட்கம் வந்தது. எனவே நம் மாணவரைக் கடிந்துகொள்ளும் உயரத்தில் நாம் நிற்கவில்லை.

ஆவணப்படத்தின் வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கேள்வி அதன் தொட்டிலிலேயே கிடப்பதைக் காண்கிறோம். ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி என்ற அமெரிக்கர், கனடாவின் வடபகுதியில் இரும்புக் கனிமம் தேடி அலைந்தவர். படம் பிடிப்பதில் அவர் பெற்ற பயிற்சி மூன்று வாரம்தான். 1913 முதல் தம் பயணங்களில் இன்யூட் மக்களைப் படம் பிடித்து வந்தார். 1916-இல் தம் சிகரெட்டின் நெருப்பு பட்டு ஏறத்தாழ 30,000 அடி நீளச் சுருள் எரிந்து போயிற்று. எரிந்து போனதற்காக அவர் நெடுநாள் வருந்தவில்லை. அந்தப் படத்தில் இங்கொரு காட்சி, அங்கொரு காட்சி என்று இருந்ததே தவிர அவற்றைக் கோக்கும் நூல் இல்லை என்று அவரே கண்டுகொண்டார். மீண்டும் சென்றபோது ஒரு மனிதரையும் அவர் குடும்பத்தையும் மட்டும் தொடர்வது என்று முடிவு செய்தார். 1922-இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் த நார்த்' உலகப் புகழ் பெற்றது. கதை தேடும் இளைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் நூல் கிடைத்தபின் என்ன நடந்தது? நானூக் என்று காட்டப்பட்டவரின் உண்மைப் பெயர் அல்லாகரியால்லாக். மனைவியாகக் காட்டப்பட்டவர் அவர் மனைவி அல்லர். உள்ளே வெளிச்சம் வேண்டும் என்பதற்காகப் பனிக்கட்டி வீட்டின் ஒரு பாதியைத் திறந்து வைத்துக் கட்டினார்கள். துப்பாக்கி பழக்கத்திற்கு வந்துவிட்ட காலத்தில் பழைய ஈட்டிகளைக் கொண்டு வேட்டையாடச் செய்தார்கள். அவ்வேட்டையில் ஒரு கட்டம் நம்மை நெடுநேரம் நிறுத்தியது. ஈட்டி பாய்ந்த வால்ரஸ் அவர்களைக் கடலை நோக்கி இழுக்கிறது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள், துப்பாக்கியால் சுடும்படி ஃபிளாஹெர்ட்டியைப் பார்த்துக் கத்துகிறார்கள். அவரோ, புரியாதவர் போல் இருந்து படக்கருவியின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். இதைப் பிறகு எழுதி வைத்தவரும் அவரே. கேளாதது போல் நின்றதற்காக அவரைக் குறை சொல்லும் நாம், அதை மறைக்காமல் சொன்னதற்காக அவரை மதிக்கவும் வேண்டியிருக்கிறது.

நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்று ஒரு குறை பேசப்படும். வாணிகத்தில் சரக்கின் பழுதை மறைத்து விற்பதற்கும் இதே சொல்தான். அறிவிப்பாளர் ஒருவர் தம் ஆசிரியரை நேரில் கண்டவர். ஆனால் குறிப்பிட்ட ஒரு செய்தியை அவரிடம் கேட்கவில்லை, இடையில் வேறொருவர் வழியாகப் பெற்றார். அந்த இடையாளை விட்டுவிட்டு, 'இன்னாரிடமிருந்து' என்று மட்டும் சொல்கிறார். 'கேட்டேன்' என்று அவர் சொல்லவில்லை. ஆகவே சொல்லளவில் பொய் இல்லை. ஆயினும் கேட்பவர் மனத்தில் பொய் ஒன்று குடியேறிவிடுகிறது. இத்தகையோர் 'நான் கேட்டேன்' என்று வெளிப்படையாகச் சொன்னாலன்றி அவர்களுடைய அறிவிப்பை ஏற்பதில்லை என்று அறிஞர் பலர் எச்சரிக்கையாக இருந்தனர். படத்தொகுப்பும் இப்படித்தான் நமக்குப் படுகிறது. பனிமூட்டம் மெய், கூவிய குரல் மெய், தேடிய கால்கள் மெய். இடையிலிருந்த ஏற்பாட்டை வெட்டி எறிந்த இடத்தில்தான் தத்லீஸ் நுழைகிறது.

அலாஸ்காவில் 13 கோடைகளைக் கரடிகளிடையே கழித்த திமோதி டிரெட்வெல் 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் கரடி தாக்கி மாண்டார். தனிமையில் வாழ்பவராகவே படக்கருவிமுன் தம்மைக் காட்டிக்கொண்டவர் அவர். அவருடன் இருந்த பெண்மணியும் அதே நாளில் மாண்டார். அவர் விட்டுச்சென்ற காட்சிகளில் அப்பெண்மணி தென்படும் இடங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. தனிமை என்ற கதைக்காக உடன் நடந்தவரே மறைக்கப்பட்டார்! அந்தக் காட்சிகளைக் கொண்டு 2005-இல் படம் செய்த வெர்னர் ஹெர்சாக், இருவரின் இறுதி நேர ஒலிப்பதிவைத் தாம் கேட்டார். படத்தில் ஒலிக்க விடவில்லை. பார்வையாளரை அதைவிடக் கட்டிப்போடக் கூடிய பகுதி வேறொன்று அதில் இருந்திருக்க முடியாது.

இவற்றையெல்லாம் அன்று நாம் சொன்னோம். மாணவர் தம் திட்டத்தைக் கைவிட்டார். நம் பேச்சினாலா, நண்பர்கள் இசையாததாலா என்று கேட்கவில்லை. ஆவணி பிறந்ததும் புறப்பட்டார்கள்.

திரும்பி வந்தவர் பதிவுகளைக் கணினியில் நமக்குக் காட்டினார். கங்கபல் ஏரிமேல் ஹரமுக் சிகரத்தின் நிழல் விழுந்த காட்சியைக் கண்டு சுப்ஹானல்லாஹ் என்றோம். கோடைதோறும் ஆட்டு மந்தைகளோடு அந்தப் புல்வெளிகளுக்கு ஏறிவரும் பகர்வால் மக்களின் கூடாரம் ஒன்றும் வந்தது. பெரியவர் ஒருவர் கையைக் காட்டி ஏதோ சொல்கிறார். படக்கருவி உடனே தரையைப் பார்க்கிறது. உள்ளே பெண்கள் இருப்பதால் எடுக்க வேண்டாம் என்றாராம். "உடனே இறக்கிவிட்டோம் ஹஜ்ரத்" என்று மாணவர் மனநிறைவோடு சொன்னார்.

அடுத்து வந்ததுதான் அவர் நம்மைத் தேடி வந்த காரணம். கட்சர் கணவாய்க்கு ஏறும் வழி, 13,000 அடிக்கு மேல். காற்று மெலிந்த இடம். மூவரில் ஒருவர் தலைவலி தாங்காமல் பாறைமேல் உட்கார்ந்துவிடுகிறார். மூட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. பிறகு அழத் தொடங்குகிறார். அழுகையினூடே, மறைந்துபோன தம் தந்தையைப் பற்றி, வீட்டுக்கு வெளியே யாரும் அறியாத ஒரு செய்தியைச் சொல்கிறார். அதை நாமும் கேட்டிருக்கக் கூடாது. படக்கருவி ஓடிக்கொண்டே இருக்கிறது.

"இதுதான் படம். இது இல்லையென்றால் வெறும் மேகம்தான். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை" என்றார் மாணவர்.

கட்டிய கதை கூடாது என்று சொன்ன நம்மிடம், கண்ட கதையைக் கொண்டு வந்து வைத்துவிட்டார். இதில் தத்லீஸ் இல்லை. ஒவ்வொரு கணமும் மெய். மெய்யாக இருப்பதாலேயே இது கனக்கிறது. பயணத்தில் உடன் வந்தவன் உன்னை நம்பித் தன் பலவீனத்தைக் காட்டினான் என்றால் அது அமானிதம். மூவரும் கூடியிருக்கும்போது அவரைக் கேட்டால் மறுக்க முடியாமல் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் அனுமதி ஆகாது. தனியே சந்தித்து, பதிவை முதலில் அவருக்கே காட்டி, வேண்டாம் என்று அவர் எளிதாகச் சொல்லக்கூடிய முறையில் கேள் என்றோம். சொல்லும்போதே அந்தக் கூடாரத்தின் நினைவு வந்தது. முன்பின் அறியாத ஆயரின் ஒரு கையசைப்புக்கு இறங்கிய படக்கருவி, பத்தாண்டு பழகிய தோழரின் கண்ணீருக்கு ஏன் இறங்கவில்லை? பழக்கம் மரியாதையைத் தின்றுவிடுகிறது போலும்.

பிறகு, "அந்தப் பகுதியை இன்னொரு முறை போடு, தம்பி" என்றோம். இம்முறை அழுபவரைப் பார்க்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டோம். நடுவில் நம் மாணவரின் குரல் கேட்கிறது: "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு." அதன்பின் நெடுநேரம் காற்றின் இரைச்சல். மூன்றாமவர் எங்கிருந்தோ ஓடி வந்து மூட்டையைக் கழற்றும் ஓசை கேட்கும் வரை நான்கு நிமிடம் ஆகியிருந்தது. மாணவர் முகம் வெளுத்துப் போயிற்று. தம் குரலை அவர் அதுவரை கவனித்ததே இல்லை.

"கதை கேட்டாயே, இதோ இருக்கிறது. இதைச் சொல்ல நீ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை" என்றோம்.

1325-இல் தம் 21-ஆம் வயதில் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் பயண நூலை நாம் மாணவர்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறோம். அதை எழுத்தில் அமைத்த இப்னு ஜுஸைய், சில நகரங்களின் வருணனைகளை முன்னோரான இப்னு ஜுபைரிடமிருந்து எடுத்துக்கொண்டதும், பல்கார் நாட்டுப் பயணத்தை ஆய்வாளர்கள் ஐயுறுவதும் தெரிந்தவையே. ஆனால் எவரும் ஐயுறத் தோன்றாத ஓரிடம் உண்டு. துனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் வந்து மற்றவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்கிறார்கள். இந்த இளைஞரை யாரும் அறியார். அவர் அழுதுவிடுகிறார். அதைக் கண்ட பயணி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறித் தேற்றுகிறார். சுல்தான்களின் அவைகளையும் மதுரை வரையிலான நாடுகளையும் கண்ட மனிதர், தாம் அழுததைச் சொல்ல வெட்கப்படவில்லை. அது அவருடைய கண்ணீர். கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது.

மாணவர் தம் நண்பரைத் தனியே சந்தித்தார். நண்பர் பதிவை முழுமையாகப் பார்த்துவிட்டு, தந்தையைப் பற்றிய சொற்களை மட்டும் அழித்துவிடும்படியும், மற்றவை இருக்கட்டும் என்றும் சொன்னாராம். அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது காற்றின் இரைச்சலும் அந்த ஒரு குரலும்தான். போன வெள்ளிக்கிழமை ஜுமுஆ முடிந்து வெளியே வரும்போது, படம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டோம். அந்தக் குரலை வைத்திருப்பதா எடுத்துவிடுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை என்றார்.