பரவசம் என்ற ஊர்

2009 மே மாதம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு உத்திரமேரூரில் ஆயா வீட்டில் கிடந்தேன். தேர்தல் நேரம். தெருவில் ஜீப்பு ஸ்பீக்கர் அலறும். நானோ மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில், மாமா பையனுடைய கம்ப்யூட்டர் முன்னால், அட்லாண்டிக் கடலுக்கு அடியில் இருந்தேன்.

விளையாட்டின் பெயர் பயோஷாக். கென் லெவின் என்பவர் தலைமையில் உருவாகி 2007-இல் வெளிவந்தது. திரையில் நம் கையும் கையில் உள்ள ஆயுதமும் மட்டும் தெரியும். மற்றபடி நாமேதான் உள்ளே நடக்கிறோம். ஆண்ட்ரூ ரயன் என்ற பெருமுதலாளி, தெய்வமும் வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம், அவனவன் உழைப்பு அவனவனுக்கே என்று 1946-இல் கடலடியில் ஒரு நகரத்தை எழுப்புகிறான். 1960-இல் விமானம் விழுந்து நடுக்கடலில் தத்தளிக்கும் ஒருவன், அதாவது நாம், ஒரு கலங்கரை விளக்கத்தின் வழியாக அங்கே இறங்குகிறோம். அதற்குள் நகரம் பாழாகிவிட்டது. அந்த ஊருக்கு ரயன் வைத்த பெயர் ராப்சர். தமிழில் சொன்னால் பரவசம்.

அந்தப் பாழை எப்படிக் கட்டியிருந்தார்கள்! பித்தளைப் பூண் போட்ட தூண்கள், கண்ணாடிச் சுவருக்கு வெளியே நீந்திப்போகும் திமிங்கிலம், தேய்ந்த இசைத்தட்டில் நம் தாத்தா காலத்து ஆங்கிலப் பாட்டு, கூரை மூலையில் ஓயாத ஒழுக்கு. பழைய மனிதர்கள் கனவு கண்ட எதிர்காலம் அது. நமக்கு அது வராமலே பழசாகிவிட்டது. வானொலியில் ஒரு குரல், தயவுசெய்து இதைச் செய், தயவுசெய்து அதை எடு என்று நமக்கு வழி சொல்லும். ஆனால் ஊரின் கதையை ஊர்தான் சொல்லும். காஷ்மீர் என்று ஒரு விருந்துச் சாலை. 1958-இன் கடைசி இரவில் புத்தாண்டு கொண்டாட வந்தவர்களின் முகமூடிகள் அங்கே கிடக்கும். ஓரமாகக் கிடக்கும் ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டினால், அன்றிரவு தனியாகக் காத்திருந்த ஒருத்தியின் குரல் வரும். நின்று பார்ப்பவனுக்குக் கதை கிடைக்கும். ஓடுகிறவனுக்குச் சண்டைதான்.

எனக்குச் சண்டைதான் வாய்த்தது. கடின நிலை போதாதென்று, தோட்டாவும் தீர்ந்து ஒரு ரெஞ்சோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். எதிரி பிக் டாடி. முக்குளிப்பவர் போடும் கனத்த உடுப்புக்குள் ஒரு மலை. கையில் துளைபோடும் எந்திரம். ஒரு சிறுமிக்குக் காவலாக அவள் பின்னாலேயே நடப்பான்.

ஆயா முறத்தோடு வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா கண்ணு இது? கொப்பரைய தலையில கவுத்துக்கினு ஒருத்தன் போறான்?"

"அந்தப் பொண்ணுக்குக் காவல் ஆயா. அவன கொன்னாத்தான் அதுங்கிட்ட போவ முடியும்."

"உன்ன இன்னா பண்ணான் அவன்?"

"ஒண்ணும் பண்ணல. நாம தொடாத வரைக்கும் அவனும் தொட மாட்டான்."

"அப்புறம் காவக்காரன எதுக்குடா அடிக்கற, பாவி?"

பதில் சொல்லாமல் அடித்தேன். அவன் ஒரே குத்தில் என்னைச் சாய்த்தான். ஆனால் அந்த ஊரில் சாவு இல்லை. வைட்டா சேம்பர் என்று ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. செத்த மறு நொடி அதிலிருந்து எழுந்து வரலாம். அபராதம் கிடையாது. எதிரிக்குப் பட்ட காயமும் பட்டபடியே இருக்கும். அன்று மதியம் மட்டும் பதினோரு முறை செத்துச் செத்து அவனைப் பாதியாக்கியிருந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. உலகமெங்கும் ஆட்டக்காரர்கள் இதைத்தான் குறை சொன்னார்கள்: உயிர் இலவசமாகக் கிடைத்தால் உயிருக்கு என்ன கனம்? அதற்காகவே பிறகு வந்த திருத்தத்தில் அந்தக் கூண்டை அணைத்துவைக்கும் வசதியையும் சேர்த்தார்கள்.

பன்னிரண்டாம் சாவுக்கு முன் மின்விசிறி தளர்ந்தது. திரை கறுத்தது. மின்வெட்டு. சேமிக்காத அத்தனையும் போயிற்று.

"எழுந்து மூஞ்சி கழுவு," என்றாள் ஆயா. "பெருமாள பாத்துட்டு வரலாம்."

வைகுண்டப் பெருமாள் கோயில் வழியாகப் போனோம். அதன் கல்வெட்டுச் சுவரை நான் பள்ளிப் புத்தகத்தில் பார்த்ததுண்டு. சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைச் சாசனம். ஊரில் முப்பது குடும்பு, அதாவது வட்டம். ஊர் வாரியத்துக்குத் தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்க, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் எடுப்பான். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையிலேயே எழுதக்கூடாது. அவன் உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. பதவி 360 நாள். ஜீப்பு ஸ்பீக்கர் காதைத் துளைக்க அந்தக் கல்லைப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. இதுவும் பழைய மனிதர்கள் கண்ட எதிர்காலம்தானே? இன்னும் நமக்கு வந்து சேராத எதிர்காலம்! ரயனின் ஊரில் விதியும் இல்லை, ஒழுகும் நீருக்குப் பொறுப்பாளியும் இல்லை. இங்கே ஏரி வாரியம் என்று நீருக்கென்றே ஆறு பேர். பல்லவர் காலத்து வைரமேக தடாகம் இன்றும் மழைக்கு நிறைகிறது.

சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. மின்சாரம் வரவில்லை. கர்ப்பக்கிருகத்தில் எண்ணெய் விளக்கு மட்டும்.

இந்தக் கோயிலை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பல்லவன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில் எழுந்த விமானம். ஒரே விமானத்துக்குள் மூன்று தளம், ஒன்பது மூர்த்தி. வைகானச ஆகமத்தில் மரீசி சொன்ன நவமூர்த்தி முறை அப்படியே கல்லாகி நிற்கிறது. கீழ்த்தளத்தில் நின்ற கோலம்: கிழக்கே சுந்தர வரதர், மற்ற மூன்று திசையில் அச்சுத வரதர், அனிருத்த வரதர், கல்யாண வரதர். நடுத்தளத்தில் வீற்றிருக்கும் வைகுண்ட வரதர். அவரைச் சுற்றிக் கண்ணனும் அர்ச்சுனனும், யோக நரசிம்மர், பூவராகர். உச்சியில் ஒருவரே. அனந்தசயனம்.

கீழே சேவித்தோம். பட்டாச்சாரியார் கையில் விளக்கோடு மாடிப்படிக்கு முன்னால் போனார். கல்லைக் குடைந்தது போல் ஒடுக்கமான படி. வௌவால் நாற்றமும் எண்ணெய்ப் பிசுக்கும் துளசி மணமும் கலந்த காற்று. விளக்கு ஒரு திருப்பம் திரும்பியதும் எனக்கு முன்னால் கும்மிருட்டு. நாள் முழுக்க இருட்டில் பேயோடு சண்டை போட்டவன் நான். கால் நகர மறுத்தது.

"நீ முன்னால போ கண்ணு," என்றது பின்னாலிருந்து குரல். "நான் பின்னால கீறேன்."

அவளுக்கு இரண்டு முட்டியும் போன வருடம் முதலே வீக்கம். ஒவ்வொரு படிக்கும் சுவரில் உள்ளங்கை உரசும் சத்தம். பிறகு மூச்சு. பிறகு, "தாசன்... தாசன்..." தாத்தா பஜனைக் கோயில் கோஷ்டியில் பாடியவர். எங்கள் வீட்டில் பெருமாளிடம் பேசும்போது யாரும் "நான்" என்று சொல்வதில்லை. அடியேன், அல்லது தாசன்.

நடுத்தளத்தில் சற்று உட்கார்ந்தாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "கீழ நிக்கறான், நாம கூப்ட்டா ஓடியாற. இங்க குந்திக்கினு கீறான், நம்ம கத கேக்க. மேல போய்ப் பாரு. படுத்துட்டான்."

"ஏன் ஆயா?"

"புள்ளைங்க எப்படியும் ஏறி வந்துடும்னு நம்பிக்கடா அவனுக்கு."

உச்சித் தளம். பட்டாச்சாரியார் விளக்கைத் தாழ்த்திப் பாதத்தில் காட்டினார். பாதம் மட்டும் இருந்தது. உலகத்தில் வேறெதுவும் இல்லை. விளக்கு நகர்ந்தது, பாதம் இருளில் போய் முழங்கால் வந்தது. இடை வந்தது. மார்பு வந்தது. காட்டியதெல்லாம் மறைந்தது, மறைந்ததெல்லாம் நெஞ்சில் நின்றது. முழுசாகப் பார்க்க முடியாத பேரழகு துண்டு துண்டாக என்னை எடுத்துக்கொண்டது. கடைசியில் முகம். ஐயா! அந்த முகம்! உறங்குகிறானா, உறங்குவது போல நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறானா?

என் பெருமானே, அன்று நீ என்ன செய்தாய்? கடலுக்கு அடியில் ஒரு பொய்யூரில் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு திரிந்தவனை, பாற்கடலில் கிடந்தபடியே ஒரு விளக்கின் சுடரால் இழுத்தாயே! கண்ணீர் ஏன் வந்தது என்று தெரியவில்லை. துக்கம் இல்லை. பயம் இல்லை. வேண்டுதல் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மார்க் வேண்டும் என்று கேட்க வந்தவன் வாயைத் திறந்தால் விம்மல்தான் வந்தது. கல் குளிர்ந்தது, உள்ளே கொதித்தது. சுந்தரா! வரதா! என்று ஆயா பின்னால் உருகினாள். அவள் குரல் எது, என் குரல் எது என்று பிரிக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் யாரோ என்னைக் கையில் எடுத்திருந்தார்கள். இறக்கிவிட்டபோது விளக்கு பாதத்துக்குத் திரும்பியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மின்சாரம் வந்திருந்தது. நான் கம்ப்யூட்டரைப் போடவில்லை.

ஆட்டத்தை முடித்தது கல்லூரி விடுதியில், நாலு வருடம் கழித்து. முடிக்கும்போதுதான் அந்தக் கதையின் முடிச்சு அவிழ்ந்தது. வானொலிக் குரல் சொன்ன "தயவுசெய்து" வேண்டுகோளே இல்லை. சிறுவயதிலேயே நாயகனின் மூளையில் விதைத்த சாவி அது. அந்தச் சொல் காதில் விழுந்தால் அவன் மறுக்க முடியாது. தானாக நடந்ததாக நினைத்த ஒவ்வோர் அடியும் அடுத்தவன் வசம். ரயன் அதை அவன் முகத்துக்கு நேரே சொல்கிறான்: தேர்ந்தெடுப்பவன் மனிதன், கீழ்ப்படிபவன் அடிமை. இன்னொன்றும் வெளியாகிறது. அந்த உயிர்க்கூண்டு நாயகனை ஏன் எழுப்பியது தெரியுமா? அது ரயனின் உடற்கூறுக்கு மட்டும் இசைவாகச் செய்தது. இவன் ரயனின் மகன். பிள்ளை என்று பிள்ளைக்கே தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு சாவிலும் அப்பன் ரத்தம் அவனை எழுப்பிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து விடுதி மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அங்கே ஒன்று நினைவுக்கு வந்தது. வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் நவவித சம்பந்தம் என்ற ரகசிய நூலில் உயிருக்கும் இறைவனுக்கும் ஒன்பது உறவு சொல்கிறார். முதல் உறவு, அவன் தந்தை. உயிருக்கு அது தெரியாமல் இருக்கலாம்; உறவு அதனால் அறுந்துபோகாது. பூனை தன் குட்டியைக் கவ்வித் தூக்கும்போது குட்டி ஒன்றும் செய்வதில்லை. அருளும் அப்படித்தான் என்பது வைணவத்தில் தென்கலையார் வழி. இலவசமாக வந்ததற்கு என்ன கனம் என்று கேட்ட என் பதினாறு வயதுக்கு அன்று பதில் கிடைத்தது. யார் கொடுத்தார் என்று தெரியாதவரைதான் அது லேசு. தெரிந்துவிட்டால் சுமக்க முடியாது.

ஊருக்குப் பரவசம் என்று பெயர் வைத்தவனுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியவில்லை. பர வசம்: தன் வசம் இல்லாமல் பிறர் வசம் ஆவது. அவன் ஊருக்கு வந்த நாயகன் தெரியாமல் பிறர் வசமானான், அதனால் சிறைப்பட்டான். ஆயா தெரிந்தே பரன் வசமானாள். வீங்கிய முட்டியோடு படிக்கொரு தரம் "தாசன்" என்றாளே, அவளை யார் ஏவினார்கள்? கண்ணைத் திறந்துகொண்டு தேர்ந்தெடுத்த அடிமை அது. அதற்குமேல் சுதந்திரம் எனக்குத் தெரிந்து கிடையாது.

அதற்குப் பின் அந்த வகை ஆட்டங்கள் எத்தனையோ வந்தன. 2014-இல் உல்ஃபன்ஸ்டைன், 2023-இல் அட்டாமிக் ஹார்ட். எல்லாம் யாரோ கனவு கண்டு கெட்டுப்போன எதிர்காலங்கள். ஆடுகிறேன், ரசிக்கிறேன். கடின நிலையைத்தான் எடுக்கிறேன். காவலாக நடப்பவனைக் கண்டால் மட்டும் இன்றும் கை தயங்குகிறது.

ஆயா போய் ஆறு வருடம். போன மாசியில் மகளைக் கூட்டிக்கொண்டு உத்திரமேரூர் போனேன். யுகேஜி படிக்கிறாள். கீழே சேவித்துவிட்டு மாடிப்படிக்கு வந்தோம். பட்டாச்சாரியாரின் விளக்கு திருப்பத்தில் மறைந்தது. அவள் நின்றுவிட்டாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இருட்டு," என்றாள்.

"நீ முன்னால போ கண்ணு," என்றேன். "நான் பின்னால கீறேன்."

சென்னையில் நான் ஒருநாளும் பேசாத பேச்சு அது. அவள் ஒரு படி ஏறினாள். நான் சுவரில் கை வைத்தேன். கல் வழவழப்பாக இருந்தது. ஆயிரத்து இருநூறு வருடத்து உள்ளங்கைகள் அங்கே உரசியிருக்கின்றன. எனக்குப் பின்னால் இருட்டுதான். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

"தாசன்," என்றேன். அடுத்த படியில் கால் வைத்தேன்.