கற்கோடரியும் நெற்குதிரும்

மேலோர், கீழோர் என்னும் பிரிவு இன்று நேற்று வந்ததன்று. மண் தோன்றிய நாளிலேயே தோன்றியது. ஆகவே மாற்ற முடியாதது என்று பேசும் பெரியவர்கள் தஞ்சைத் தரணியில் இன்னும் இருக்கிறார்கள். காவிரியையே, அகத்தியரின் கமண்டலத்திலிருந்து காக்கை கவிழ்த்த நீர் என்று கூறத் துணிந்தோர், சாதிக்கு வயது கூறத் தயங்குவரோ! மண்ணின் வயதை அவர்களிடம் கேட்பானேன் தோழர்களே? மண்ணையே கேட்போம்.

2006-ஆம் ஆண்டு, மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன் கண்டியூரில், தோட்டத்தில் குழி தோண்டியபோது புதிய கற்காலக் கோடரி ஒன்று கிடைத்தது. அதன்மீது கீறப்பட்ட குறிகள் சிந்துவெளி எழுத்துக்களே என்றார் ஐராவதம் மகாதேவன். அல்ல என்று மறுத்தோரும் உண்டு. எழுத்தைப் பற்றி எழுந்த ஆரவாரத்தில் கல்லை மறந்துவிட்டோம். வண்டல் படிந்த அந்த வட்டாரத்தில் கோடரிக்கேற்ற கல் ஏது? எங்கிருந்தோ எவனோ சுமந்து வந்தான், தேய்த்தான், தீட்டினான். அவன் கையிலே கோடரி இருந்தது; கழுத்திலே நூல் இருந்ததற்குச் சான்றில்லை!

அவனும் நேற்றைய மனிதனே. நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். உழவு தோன்றிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல். மற்ற காலமெல்லாம் வேட்டையும் கிழங்கும்தான். அது பொற்காலம் என்று நாம் பாடவில்லை. பசியும் பிணியும் புலியும் அவனைத் தின்றன. ஆனால், சேர்த்துவைக்க ஏதுமில்லாத இடத்தில், சேர்த்து வைத்தவன் என்றொருவன் எப்படி எழுவான்?

பிறகு தானியம் வந்தது. இறைச்சி நாறும், கனி அழுகும். நெல்லோ குதிரிலே கெடாது கிடக்கும். கிடக்கும் பொருளுக்குக் காவல் வேண்டும். காவலனுக்குக் கூலி வேண்டும். கூலிக்குக் கணக்கு வேண்டும். மெசபொடேமியாவின் உரூக் நகரிலே, 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் மனிதன் களிமண் பலகையில் முதன்முதல் எழுதியது என்ன? தெய்வத் துதியா? பார்லி எவ்வளவு, பீர் எவ்வளவு, வேலையாளுக்குப் படி எவ்வளவு என்னும் கணக்கு!

அதற்காகக் களஞ்சியத்தைக் கொளுத்திவிட்டுக் காட்டுக்குத் திரும்பலாமா? வேண்டா. மிஞ்சிய நெல் இருந்ததால்தான் கொல்லனும் தச்சனும் புலவனும் வாழ்ந்தனர்; பூம்புகார்த் துறையிலே கலங்கள் நின்றன. களஞ்சியத்தின் திறவுகோல் யாரிடம் போயிற்று என்பதுதான் நமது கேள்வி.

விடையை, 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டே கூறுகிறது. ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்த நெல், ஊர் ஊராக வந்து குவிந்தது. அதே கல்வெட்டில், அந்த ஊர்களில் வரி நீக்கிய இடங்களின் வரிசை வருகிறது: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. சேற்றில் நின்று நட்டவன் சுடுகாட்டோடு எண்ணப்பட்டான்! விமானத்தைக் கண்டு வியக்கிறோம், வியக்கத்தக்கதே. சுவரிலுள்ளதையும் படிக்க வேண்டாமா? கோடரிக்கும் இந்தக் கல்லெழுத்துக்கும் இடைப்பட்ட காலத்தில், மனிதர் வகுத்த வரிசை இது. மண்ணின் வயது இதற்கில்லை.

ஆயிரம் ஆண்டுப் பழங்கதை என்பீர். 1968 டிசம்பர் 25 அன்று, அதே தஞ்சை மாவட்டத்தில் அன்றிருந்த கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனரே, அங்கும் வழக்கு நெல்லைப் பற்றியதே. அறுத்தவர்கள் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டிருந்தார்கள். வெந்து மாண்டோரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.